ஒரு ‘பெ’ - மூன்று பொருள்!

வாய், வளையல், பயிர் என்ற மூன்று சொற்களைத் தமிழில் எழுதுவது உங்களுக்கு மிக எளிது. ஆனால் நீலகிரியில் படுகர்கள் பேசும் படுகு மொழியில் இந்த மூன்றையும் தமிழ் எழுத்தால் எழுதிப் பாருங்கள். மூன்று முறையும் ‘பெ’ என்றே எழுத வேண்டியிருக்கும்! (‘பம்பரம்’ என்ற சொல்லின் நடுவில் வரும் பகரத்தைப் போல இதை ஒலிக்க வேண்டும்.) காதுக்கு மூன்றாக இருப்பது, தாளில் ஒன்றாகிவிடுகிறது. இது ஏன்?

நாக்கு செய்யும் வேலை

‘ள்’ என்று சொல்லுங்கள். நாக்கின் நுனி மேல்நோக்கி வளைகிறதல்லவா? இப்போது நாக்கை அப்படியே வளைத்து வைத்துக்கொண்டு, அண்ணத்தைத் தொடாமல், ‘எ’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எ’யின் ஒலி மாறிவிடும். இதுவே வளைநா உயிரொலி.

நாக்கு வளையாத ‘பெ’ என்றால் வாய். பாதி வளைந்தால் வளையல். முழுவதும் வளைந்தால் பயிர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரி மொழிகளை ஆராய்ந்த மொழியியல் அறிஞர் எமனோ, 1939-இல் இந்த உயிரொலிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இந்த வளைவு எங்கிருந்து வந்தது? தமிழில் ‘வளை’, ‘விளை’ என்கிறோம். கன்னடத்தில் ‘பளெ’, ‘பெளெ’ என்பார்கள். இரண்டிலும் ளகரம் உண்டு. படுகு மொழியில் ளகரம் மறைந்தது. ஆனால் அதற்காக வளைந்த நாக்கின் தடம் உயிரொலியில் தங்கிவிட்டது. ‘வாய்’ என்பதில் ளகரம் இல்லை. ஆகவே அங்கு வளைவும் இல்லை!

கணிப்பொறிக்கு எழுத்து தெரியுமா?

தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே. 8 பிட் கொண்ட ஒரு பைட்டில் 256 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். முற்காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று ஒதுக்கினார்கள். ஐரோப்பியர் தங்கள் புள்ளியிட்ட எழுத்துகளுக்கு வைத்திருந்த எண்களிலேயே நம்மவர்கள் தமிழ் எழுத்துகளைப் பொருத்தினார்கள். ஒரே எண் ஓரிடத்தில் ஜெர்மன் எழுத்து, வேறோரிடத்தில் தமிழ் எழுத்து! உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்க் கடிதம் புரியாத குறிகளாகத் தெரிந்தது இதனால்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1991-இல் யூனிகோடு முறையின் முதல் பதிப்பு வெளிவந்தது. உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் என்பதே அதன் கொள்கை. அதில் ககரத்தின் எண் 2965. பகரத்தின் எண் 2986. எகரக் கொம்பின் எண் 3014. நாக்கு வளைவைக் காட்டும் சிறு கொக்கிக்கும் ஓர் எண் உண்டு: 734. ஒரு கொக்கி அரை வளைவு, இரண்டு கொக்கி முழு வளைவு என்று வைத்துக்கொண்டால்,

வாய் - 2986, 3014
வளையல் - 2986, 3014, 734
பயிர் - 2986, 3014, 734, 734

தாளில் ஒன்றாகிப்போன மூன்று சொற்களும் கணிப்பொறியில் பிரிந்துவிட்டன அல்லவா? எண் இருந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணுக்குரிய வடிவம் எழுத்துருவிலும் இருக்க வேண்டும். இல்லையேல் திரையில் வெற்றுக் கட்டமே தோன்றும்.

ஒரே தோற்றம், இரு எண்கள்

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்துடன் 3018 என்ற ஒரே ஒகரக் குறியைச் சேர்ப்பது ஒன்று. 3014 என்ற கொம்பையும் 3006 என்ற காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களை மட்டும் ஒப்பிடும் கணிப்பொறிக்கோ இவை வேறு வேறு. ‘கொய்யா’வை ஒரு வகையில் எழுதிவைத்து, மற்ற வகையில் தேடினால் ‘இல்லை’ என்றுவிடும்! ஆகவே நல்ல மென்பொருள்கள் தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்கின்றன.

இத்தகைய மாற்றத்துக்கு யூனிகோடில் விதி இருக்கிறது. படுகு மொழியின் நாக்கு வளைவுக்கு அப்படி விதி இல்லை. ஒருவர் கொக்கி போட, மற்றொருவர் புள்ளி வைக்க, வேறொருவர் ஒன்றும் இடாமல் விட்டால், மூவர் தொகுத்த அகராதிகளும் ஒன்றோடொன்று சேரா. எந்தக் குறி என்பதைவிட, எல்லோரும் ஒரே குறியை ஒப்புக்கொள்வதே முக்கியம்.

காலமும் காத்திருக்கவில்லை. எமனோ கேட்ட வளைவுகள் எல்லாம் இன்றைய பேச்சில் இல்லை. சில உயிரொலிகளில் மட்டுமே அவை எஞ்சியுள்ளன. குறியின்றி எழுதி வைத்தால், ஒலி மறைந்தபின் வளையல் எது, பயிர் எது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் படுகு பேசும் நண்பர் இருந்தால், அவர் வீட்டுப் பாட்டியிடம் இந்த மூன்று சொற்களையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் அனுமதியுடன் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு நண்பரையும் சொல்லச் செய்து பதிவு செய்யுங்கள். இருவர் நாக்கும் ஒரே அளவு வளைகிறதா? கேட்டதைக் கொக்கி போட்டு எழுதி, தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஓர் ஆராய்ச்சிதான்!