பம்பின் தன்வேகம்

பசுவந்தனை வட்டாரத்துக் கரிசல் பூமியில் பம்பு வாங்கப் புகுவோர் பெரும்பாலும் “எத்தனை குதிரைத்திறன்?” என்ற ஒரே வினாவோடு அமைந்துவிடுகின்றனர். குதிரைத்திறன் மோட்டாரின் வலிமையைக் கூறுமேயன்றி, பம்பு நமது கிணற்றுக்கு உரியதா என்பதைக் கூறாது.

அதனைக் கூறுவது, பொறியியலார் ‘ஸ்பெசிபிக் ஸ்பீடு’ என வழங்கும் தன்வேகம். பம்பு நிமிடத்திற்குச் சுற்றும் சுற்றுக்களை, விநாடிக்கு இறைக்கும் கன மீட்டர் நீரின் வர்க்கமூலத்தால் பெருக்கி, ஏற்றும் உயரத்தின் (மீட்டரில்) முக்கால் அடுக்கால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். கணக்கைப் பொறியாளரிடம் விட்டுவிடலாம். விடையின் பொருளே நமக்கு வேண்டுவது. ஏறத்தாழ 10 முதல் 40 வரையாயின், நீரை வெளிவட்டத்திற்கு வீசும் அகன்ற, ஒடுங்கிய இம்பெல்லர் ஏற்றது. 150ஐத் தாண்டினால் மின்விசிறி போன்று நீரை அச்சின் வழியே தள்ளும் இம்பெல்லர் வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு இரண்டும் கலந்த வடிவம்.

நிமிடத்திற்கு 2880 சுற்றில், விநாடிக்கு 5 லிட்டர் நீரைத் திறந்த கிணற்றிலிருந்து 25 மீட்டர் உயர்த்தும் பம்பின் தன்வேகம் 18. இது முதல் வகை. கார்த்திகை மழையில் காட்டில் தேங்கிய நீரை 1440 சுற்றில், விநாடிக்கு 100 லிட்டராக, 2 மீட்டர் மட்டும் ஏற்றி ஓடையில் விடுவதாயின் தன்வேகம் 271 ஆகிறது. கேரளத்தின் குட்டநாட்டில் தாழ்ந்த வயல்களின் நீரை வெளியேற்றும் ‘பெட்டியும் பறையும்’ இவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஆழ்துளைக் கிணற்றின் நிலை வேறு. 100 மீட்டர் உயரத்திற்கு விநாடிக்கு 2 லிட்டர் நீரை 2880 சுற்றில் ஒரே இம்பெல்லரால் ஏற்ற முயன்றால் தன்வேகம் 4 மட்டுமே. உராய்விலும் கசிவிலும் மின்சாரம் வீணாகும். அதே உயரத்தைப் பத்து இம்பெல்லர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 10 மீட்டர், தன்வேகம் 23. நீர்மூழ்கிப் பம்பில் ‘ஸ்டேஜ்’கள் அடுக்கப்படுவதன் காரணம் இதுவே, விற்பவரின் ஆடம்பரமன்று. ஸ்டேஜ் குறைந்தால் தொட்டிக்கு நீர் ஏறாது. மிகுந்த உயரத்திற்கென அமைந்த பம்பைத் தாழ்ந்த உயரத்தில் ஓட்டினாலோ, நீர் அளவுக்கு மீறி வெளிப்பட்டு, மோட்டாரின் சுமை ஏறி, காயில் கருகவும் கூடும். குடிநீர்ப் பம்பானால், கட்டணமும் பழுதுச் செலவும் ஊராட்சியின் தலையில் விழும்.

ஆகவே விலைப்புள்ளி கோருமுன், பம்பு ஓடும்போது வைகாசியில் நீர்மட்டம் இறங்கும் ஆழம், தரையிலிருந்து மேல்நிலைத் தொட்டியின் உயரம், குழாயின் நீளமும் விட்டமும், விநாடிக்கு வேண்டும் லிட்டர் ஆகியவற்றை அளந்து எழுதிக் கொடுத்தல் வேண்டும். கிணற்றின் ஊற்றுக்கு மேற்பட்ட லிட்டரைக் கேட்பதில் பயனில்லை. பம்பு வந்ததும், பெயர்த் தகட்டில் பொறித்துள்ள உயரமும் நீரளவும் நாம் கொடுத்த எண்களோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே அதனைக் கிணற்றில் இறக்க வேண்டும்.