வயதான நாயை எங்கே விடுவது?

பத்து வயது தாண்டிய வீட்டு நாயைச் செங்கல்பட்டுப் பக்கம் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போக ஒரு நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகு அந்த நாய் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? கண்புரை விழுந்த கண்ணுக்கு லாரி வருவது தெரியாது. காது மந்தமாகிவிட்டிருந்தால் ஹாரனும் கேட்காது. படாளமோ மதுராந்தகமோ அச்சிறுபாக்கமோ, எங்கே விட்டாலும் அங்குள்ள தெரு நாய்களுக்கென்று ஏற்கெனவே எல்லை இருக்கிறது. புதிதாக வந்த கிழட்டு நாயை அவை உள்ளே விடாது. கிண்ணத்தில் வைத்த சோற்றையே தின்று வளர்ந்த நாய்க்குக் குப்பையைக் கிளறிப் பிழைக்கவும் தெரியாது.

இதெல்லாம் தெரிந்ததால்தான் பலர், “ரோட்டில் விடவில்லையே, காப்பகத்தில்தானே விடுகிறோம்” என்கிறார்கள். ரோட்டைவிடக் காப்பகம் எவ்வளவோ மேல். ஆனால் காப்பகம் என்பது முதியோர் இல்லம் போல வரிசையாகக் கட்டில் போட்ட இடம் என்று நினைத்தால் அது தவறு. சென்னையில் 1959-ல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தினர் தொடங்கிய புளூ கிராஸ் முதல் சிற்றூர்களில் தனி ஆட்கள் நடத்தும் கொட்டகைகள் வரை, இவர்களின் முதல் வேலை விபத்தில் அடிபட்டவை, நோயுற்றவை, ஆதரவற்ற குட்டிகள் ஆகியவற்றைக் காப்பாற்றுவது. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வீட்டு நாய், அதுவும் வயதானது, போய் விழுகிறது. காப்பகத்துக்கு வந்த நாய்களின் ரத்தத்தில் முதல் மூன்று நாட்கள் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக இருப்பதை 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சாப்பிடாமல் படுத்தே கிடப்பது, குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போவது, வயிற்றுப்போக்கு எல்லாம் இந்தச் சமயத்தில்தான் வரும். தடுப்பூசி விட்டுப்போன நாயாக இருந்தால் டிஸ்டெம்பர் நோய் தொற்றும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். தத்தெடுக்க வருகிறவர்கள் குட்டியைத்தான் தேடுகிறார்கள். கிழ நாய்க்கு இரண்டாவது வீடு கிடைப்பது அபூர்வம். ஆகவே அங்கே கொண்டுபோய் விடுவது அநேகமாக அதன் கடைசி இடத்தை நீங்கள் முடிவு செய்வதாகும்.

மதுராந்தகம் பக்கம் இன்னொரு வகை கைவிடலும் உண்டு. வார இறுதிக்கென்று வாங்கிய பண்ணை வீட்டுக்கும், வேலி போட்ட மனைக்கும் காவலாக ஒரு நாயைக் கட்டி வைப்பார்கள். காவல்காரர் வேலையை விட்டுப் போனாலோ, நிலம் கைமாறினாலோ நாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிரயப் பத்திரத்தில் மரமும் கிணறும் இருக்கும், நாய் இருக்காது. வாங்கியவர் “எங்களுடையது இல்லை” என்பார். விற்றவர் சென்னையில் இருப்பார். நிலத்தை விற்கிறவர்கள் முன்பணம் வாங்கும்போதே நாயைப் பற்றியும் பேசி முடிக்க வேண்டும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல்; அவர் தலைமையில் 1962-ல் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியமும் பல ஆண்டுகள் சென்னையில்தான் இயங்கியது. அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, நியாயமான காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் கைவிடுவது குற்றம். உரிமையாளர் போதிய உணவும் தண்ணீரும் தங்குமிடமும் தராததும் அதே பிரிவில் குற்றம். தண்டனைதான் வெட்கக்கேடு: முதல் முறை 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம், மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ன் ரூபாய் அப்படியே நிற்கிறது. இதை உயர்த்த ஒன்றிய அரசு 2022 நவம்பரில் ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது. அது சட்டமாக வேண்டும் என்று கேட்கிற பொறுப்பு நமக்கும் இருக்கிறது.

ஐம்பது ரூபாய்தானே என்று துணிகிறவர்கள் மற்ற சட்டங்களையும் பார்க்க வேண்டும். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்கு 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். வளர்ப்பு நாயின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை எல்லாம் உரிமையாளரின் பொறுப்பு என்று 2023-ன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. நகராட்சி வண்டி வந்து பிடித்துப்போய் வைத்துக் காப்பாற்றும் என்பதும் தப்புக்கணக்கு. தெரு நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் அந்த விதிகளின் முறை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. அப்படிப் பிடிபடும் நாய்களால் காப்பகங்களில் நெருக்கடி கூடத்தான் செய்யும்.

சட்டத்தைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. “வயசாயிடுச்சு, இனி வெச்சுக்க முடியாது” என்று சொல்லப்படும் காரணங்களில் பல, மருந்தால் தீரக்கூடிய நோய்கள்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். அது திமிரும் அல்ல, வெறும் மறதியும் அல்ல. சிறுநீர்ப்பாதைத் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கருத்தடை செய்த பெண் நாய்க்கு வரும் தசைத் தளர்ச்சி என்று காரணங்கள் பல. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் பாதி தெரிந்துவிடும். குழந்தை தொட்டால் உறுமுகிறது, கடிக்க வருகிறது என்றால் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பிறகு இடுப்பையும் முழங்காலையும் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கிற இடத்தில் தொட்டால் எந்த உயிரும் சீறும். வீட்டில் நாற்றம் தாங்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் சொத்தைப் பல்லோ காதுச் சீழோ தோல் நோயோதான் காரணம். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. இரவு முழுக்க அலைந்து குரைக்கிறது என்றால் பார்வையோ கேட்கும் திறனோ போயிருக்கலாம். மனிதருக்கு வரும் மறதி நோயைப் போன்ற மூளைத் தளர்ச்சியாகவும் இருக்கலாம். இரவில் ஒரு சிறு விளக்கு எரியவிடுவதும், படுக்கையை இடம் மாற்றாமல் வைப்பதும்கூட அப்போது உதவும்.

நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலை மறக்கவே கூடாது. நேற்று வரை ஓடியது திடீரென்று எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது என்றால் மூப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்; எர்லிக்கியா கிருமியாக இருக்கலாம், உரிய நேரத்தில் மாத்திரை கொடுத்தால் பிழைக்கும். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய், தீட்டு முடிந்த சில வாரங்களில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வயிறு உப்பிச் சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. மெடிக்கலில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். அங்கே முடியாததற்கு வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மதுராந்தகத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம்தான், ஒரு நாளில் போய்வரலாம்.

தீராத நோய், தாங்க முடியாத வலி என்று டாக்டரே சொல்லிவிட்டால்? அப்போதும் காப்பகம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடைசிச் சில வாரங்களுக்காக அதைப் புது இடத்துக்கு அனுப்புவது கொடுமை. தகுதியுள்ள கால்நடை மருத்துவர், வேறு வழியில்லை என்று தீர்மானித்து, வலியில்லாத ஊசியால் கருணைச் சாவு தரலாம். அந்த நேரத்தில் வளர்த்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வயதாகிவிட்டது, செலவு வைக்கிறது என்பதற்காக நல்லபடியாக இருக்கும் நாயைக் கொல்லச் சொல்வது வேறு. அதை எந்த டாக்டரும் ஏற்கக் கூடாது.

நோய் இல்லாத காரணங்களும் உண்டு. அடுக்குமாடிச் சங்கம் நாயை அனுப்பச் சொன்னால் பயந்துவிட வேண்டியதில்லை. பெரும்பான்மை தீர்மானம் போட்டும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்று 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. லிஃப்டில் கயிற்றோடு அழைத்துப் போவதும் அசிங்கத்தை அள்ளுவதும் நம் கடமை. அதைச் செய்கிறவரிடம் சங்கம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

மகனோ மகளோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்க, பெற்றோர் அங்கே போய்த் தங்கத் தீர்மானிப்பது செங்கல்பட்டுப் பக்கமும் சாதாரணமாகிவிட்டது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே நாய்க்கான வேலையையும் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொண்டுபோவதென்றால் முதலில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப், அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன் பின் மூன்று மாதம் காத்திருப்பு. வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு அமெரிக்காவும் 2024 ஆகஸ்ட் முதல் விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நினைவு வந்தால் காப்பகத்தைத் தவிர வேறு வழி இருக்காது. தனியாக வாழும் முதியவர்கள், தங்களுக்குப் பின் நாயை யார் பார்ப்பது என்று உயிலில் ஒரு பெயரும், அதற்கென ஒரு தொகையும் எழுதி வைக்கலாம். அந்த ஆளிடம் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா வழியும் அடைபட்டுக் காப்பகம்தான் என்றாகிவிட்டால் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். ராத்திரியில் வாசல் கேட்டில் கட்டிவிட்டு ஓடுவது ஒப்படைப்பு ஆகாது, கைவிடல்தான். முதலில் நாயில்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். புதிதாக வருவதைத் தனியே வைக்கிறார்களா, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வயதானவற்றுக்குத் தனி இடம் உண்டா, விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இடமில்லை என்றால் அவர்களைத் திட்டாதீர்கள். ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஏற்றுக்கொண்டால் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் பரிசோதனை முடிவுகளையும் ஒப்படைத்து, தின்கிற மாத்திரை, எதற்குப் பயப்படும், எந்தச் சொல்லுக்கு வரும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். யாரையாவது கடித்திருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தால் அங்கே வேலை செய்யும் ஒரு பையன் கையில் காயத்தோடு நிற்பான். நாய் படுத்த பழைய துணியைக் கூடவே விட்டுவிட்டு வாருங்கள். மாதச் செலவில் ஒரு பங்கை நீங்களே கட்டுவதாகச் சொல்லுங்கள். வளர்த்தவருக்கு அந்தக் கடன் உண்டு.

கைவிடப்பட்ட நாயைப் பார்க்கிறவர் என்ன செய்யலாம்? கழுத்தில் பட்டை இருந்த தடம், சீவிய முடி, மனிதரைக் கண்டால் வாலை ஆட்டி வண்டிகளின் பின்னால் ஓடுவது இவையெல்லாம் வீட்டு நாயின் அடையாளங்கள். தூரத்தில் தண்ணீர் வைத்துப் பொறுமையாக நெருங்குங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தகத்தில் கருவி இருந்தால் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். 15 இலக்க எண் கிடைத்தால் உரிமையாளரைத் தேட வழி பிறக்கும். சென்னை மாநகராட்சி உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கியது இதற்கு உதவும். இறக்கிவிட்டதை நேரில் பார்த்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் படத்தோடு குறித்துக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கைவிடல் குற்றத்தைப் போலீஸ் நீதிமன்ற அனுமதியோடுதான் விசாரிக்க முடியும் என்பதால் சாக்குச் சொல்வார்கள். அப்போது திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். நாளைக் கடத்தாதீர்கள்: குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குப் பிறகு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க முடியாது.