கிலோமீட்டர் ஏறலையே... என்ஜின் ஆயில் மாத்தணுமா? டிராஃபிக்கில் நிற்கும் வண்டிகளுக்கு வரும் ஆபத்து

திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் பைக், ஆட்டோ ஓட்டுபவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம். 'கிலோமீட்டர் ஏறலையே, ஆயில் அப்புறம் மாத்திக்கலாம்' என்று தள்ளிப்போடுபவர்களா நீங்கள்? இதைப் படிங்க.

நிற்கும்போது என்ன நடக்கிறது?

வண்டி நின்றாலும் என்ஜின் ஓடுகிறது. மீட்டர் ஏறாது, ஆனால் ஆயில் சூடாகி வீரியம் இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நெரிசல், தூசி உள்ள இடங்களில் ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே ஆயில் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாவிட்டால்?

உராய்வைக் குறைப்பது, சூட்டைத் தணிப்பது, கரியையும் இரும்புத் துகளையும் அப்புறப்படுத்துவது ஆகியவை ஆயிலின் வேலை. பழைய ஆயில் கசடாகி, தான் போகும் வழியையே அடைக்கும். பிஸ்டன், பேரிங் தேயும். சத்தம் கூடும், மைலேஜ் குறையும். கடைசியில் என்ஜின் 'சீஸ்' ஆகிவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பல ஆயிரம் செலவு!

என்ன செய்யலாம்?

* வண்டியோடு தந்த கையேட்டில் உள்ள கிலோமீட்டர் அல்லது மாதக் கணக்கு, எது முதலில் வருகிறதோ அப்போதே மாற்றுங்கள்.
* ஆயில் அளவை அடிக்கடி பாருங்கள்.
* சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.