குருதியில் மறையும் மருந்து

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவர்கள் ‘டாக்ரோலிமஸ்’ என்னும் மருந்தை உட்கொள்வதுண்டு. குருதியில் அது குறைந்தால் உடல் புதிய உறுப்பை ஒதுக்கக்கூடும். மிகுந்தாலோ அவ்வுறுப்புக்கே கேடு.

அம்மருந்தை அளக்கும் நிறை நிறமாலைமானி, மின்னேற்றம் பெற்றவற்றை மட்டுமே காணவல்லது. குருதியினின்று வடித்த கரைசலை மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளிக்கிறார்கள். அப்போது பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புகள் உடன்வந்தால், துளியின் மேற்பரப்பை அவையே முந்திப் பற்றிக்கொள்ளும். மருந்தின் குறிகை தாழ்ந்துவிடும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் கூட்டினால் என்னாவது?

இதற்கு ஓர் உபாயம் உண்டு. மருந்தின் அணுக்கள் சிலவற்றுக்கு ஈடாக எடைமிக்க ஐசோடோப்புகளை அமைத்து, அம்மருந்துக்கு ஓர் இரட்டைப்பிறவியை ஆக்குகிறார்கள். விலை சற்று மிகுதிதான். அதனை அளவறிந்து முதலிலேயே குருதியிற் கலந்துவிட்டால், நெரிசலில் இரண்டும் ஏறத்தாழ ஒருபடியாகவே நசுங்கும். எடை வேறாதலின் கருவி அவற்றைப் பிரித்தறியும். இரண்டின் விகிதத்தைக்கொண்டு மருந்தின் மெய்யளவைக் கணித்துவிடலாம்.