உங்களுக்குத் தெரியுமா? கைக்கு அடக்கமான செலவில் நஞ்சில்லா சைவ உணவு

இயற்கை விளைபொருள் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுங்குகிறவர்கள் நிறைய. எதற்குச் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது என்று தெரிந்தால் சின்ன சம்பளத்திலும் அது முடியும்.

● தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. உழவர் சந்தைகளில் இடைத்தரகர் கிடையாது. விளைவித்தவரே விற்பதால், "என்ன உரம் போட்டீங்க, மருந்து அடிச்சீங்களா?" என்று நேருக்கு நேர் கேட்டு வாங்கலாம்.

● சிறு விவசாயி தன் விளைச்சலை நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் இயற்கை விளைபொருள் சான்றிதழ் கட்டாயமில்லை என்கின்றன 2017-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள். கடையில் பாக்கெட்டாக வாங்கும்போது இயற்கை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பாருங்கள்.

● 'பி.ஜி.எஸ். இந்தியா' முறையில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் சோதித்து, இயற்கை விளைச்சல்தான் என்று உறுதியளிக்கிறார்கள். வெளி நிறுவனத்துக்குப் பெரிய கட்டணம் கட்டத் தேவையில்லை என்பதால் சிறு விவசாயிக்கும் இது கட்டுப்படியாகும்.

● எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை என அப்படியே சாப்பிடுகிறவற்றை முதலில் இயற்கை முறையில் விளைந்ததாக வாங்குங்கள். தேங்காய், வாழைப்பழம், வெங்காயம் போல உரித்துச் சாப்பிடுபவை பிறகு வரட்டும்.

● தமிழக ரேஷனில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அங்கே மிச்சமாகும் பணம் நல்ல கீரைக்கும் காய்க்கும் போகட்டும்.

● திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் நெல் ஜெயராமன். 2 கிலோ விதை நெல் வாங்கும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. இப்படிப் பரவிய மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்றவற்றை அறுவடை நேரத்தில் நாலு குடும்பம் சேர்ந்து மூட்டையாக வாங்கினால் விலை குறையும்.

● பச்சைப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு ஒவ்வொன்றிலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. முளைகட்டினால் வைட்டமின் 'சி'-யும் கூடும். செலவு ஒரு ஈரத்துணி மட்டுமே.

● அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. சோற்றில் சாம்பார் ஊற்றிப் பிசையும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

● 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதில் உள்ள ஃபைடிக் அமிலம் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் அந்த அமிலம் குறையும்.

● கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறைந்துவிடும்.

● வைட்டமின் பி12 செடிகொடி உணவில் கிடைப்பதை நம்பியிருக்க முடியாது. சைவர்களுக்குத் தயிரும் மோரும் அவசியம். பாலையும் விட்டவர்கள் மருத்துவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும்.

● பொன்னாங்கண்ணி, புதினா தண்டுகளைத் தொட்டியில் ஊன்றினால் வேர்விட்டுத் துளிர்க்கும். வாசலில் ஒரு முருங்கைப் போத்து நட்டால் வருஷக்கணக்கில் கீரையும் காயும் இலவசம்.

● மருந்தடிக்காத காயில் தோலும் வீணாகாது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும். ஒரு காய் வாங்கிய காசில் இரண்டு பதார்த்தம்.

● பசித்தவர் யாராயினும் சைவ உணவு தர வேண்டும் என்று வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-இல். அங்கே அன்னதானம் இன்றும் தொடர்கிறது.

நல்ல உணவு ஏழைக்கும் உரியது. இந்த வாரம் ஒரே ஒரு கீரைக்கட்டையாவது இயற்கை முறையில் விளைவித்தவர் கையிலிருந்து நேரடியாக வாங்குங்கள். அவர் நிலமும் பிழைக்கும், உங்கள் குடும்பமும் நலம் பெறும்.