நைட் ஷிப்ட் வாரத்தில் மிக்ஸி ஓடாது

பிள்ளை வளர்ப்பு பற்றி ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் மூன்றும் தினமும் அதே நேரத்தில் நடக்க வேண்டும் என்பார்கள். நல்ல யோசனைதான். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால், "எந்த வாரத்து நேரம் சார்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

காலை 6 முதல் பிற்பகல் 2 வரை ஃபர்ஸ்ட். 2 முதல் இரவு 10 வரை செகண்ட். 10 முதல் மறுநாள் காலை 6 வரை நைட். இவை மாறி மாறி வரும். வார விடுப்பு ஞாயிற்றுக்கிழமைதான் விழும் என்பதும் இல்லை. டியூட்டிக்குப் போகிறவர் ஒருவர்தான். ஆனால் ஷிப்ட் மாறும்போது உலை வைக்கும் நேரம், துணி துவைக்கும் நேரம், கைக்குழந்தையைத் தொட்டிலில் போடும் நேரம் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன.

இதற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தட்டுப்பட்ட பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் இங்கே சுரங்க நிறுவனம் உருவானது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1962இல் ஓடத் தொடங்கியது. இந்தக் கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். எடைக்கு ஏற்ற சூடு தராது என்பதால் தொலைதூரம் ஏற்றிப்போவது கட்டுப்படியாகாது. குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். ஆகவே சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின் நிலையம், இரண்டுக்கும் நடுவே கன்வேயர் பெல்ட். கொதிகலனை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது. போதாக்குறைக்குக் கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் வேறு. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிற அந்தத் தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். வட்டம், தெரு, கதவு எண் என்று விலாசம் எழுதுகிற ஒரு குவார்ட்டர்ஸில் நடுப்பகல் 11 மணிக்கு இரண்டு வயதுக் குழந்தையை "அப்பா நைட்டு, சத்தம் போடாதே" என்று வாயைப் பொத்த வைப்பது கடைசியில் இந்தத் தண்ணீர்தான்.

நைட் வாரத்தைத்தான் வீட்டில் இருக்கிறவர்கள் கஷ்டமான வாரம் என்பார்கள். ஆறு மணிக்கு டியூட்டி முடித்து வந்தவர் பெரிய பிள்ளைக்குத் தலைசீவி, ஷூ லேஸ் கட்டி, பள்ளி வேன் வரும்வரை கண்ணைத் தேய்த்தபடி நிற்பார். அதன் பிறகுதான் படுக்கை. அவர் படுத்துவிட்டால் மிக்ஸி ஓடக் கூடாது. சட்னியை முந்தின நாள் ராத்திரியே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். குக்கரில் பருப்பை விடியற்காலையிலேயே ஏற்றி இறக்கிவிடுவார்கள். சின்னதைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்து வீட்டுக்கோ தோட்டத்துக்கோ போய்விடுவார். குவார்ட்டர்ஸ் வீடுகளைச் சுற்றி மா, பலா, முருங்கை என்று நிழல் இருப்பதால் இது நடக்கிறது. அடுக்குமாடி வீடாக இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? அதுவும் அக்னி நட்சத்திரத்தில் கடலூர் மாவட்டத்து வெயிலில் பகல் தூக்கம் என்பது ஃபேனையும் ஜன்னல் திரையையும் நம்பி நடத்துகிற ஒரு முயற்சி, அவ்வளவுதான்.

அப்படித் தூங்கினாலும் பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. உடம்புக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் அது விழிக்கச் சொல்லும். கைக்குழந்தைக்கு அந்தக் கடிகாரம் முதல் சில மாதங்களில்தான் படிப்படியாக ஓடத் தொடங்குகிறது. ஆக, பிறந்து இரண்டு மாதமான குழந்தையும் நைட் ஷிப்ட் அப்பாவும் இருக்கிற வீட்டில் பகல் எது, இரவு எது என்று உறுதியாகத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். அவருக்குத்தான் தூக்கமே கிடையாது.

செகண்ட் வாரம் வேறு மாதிரி. பிள்ளை நாலு மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது அப்பா இல்லை. அவர் பத்தரைக்கு வரும்போது பிள்ளை விழித்திருக்காது. 3, 4 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா முகத்தைப் பார்க்கட்டும் என்று விழிக்க வைத்தால் மறுநாள் வகுப்பில் தூங்கி விழும். வாரம் முழுக்க அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மிஞ்சுவது காலையில் ஒரு மணி நேரம். விவரமான வீடுகளில் குளிப்பாட்டுவது, இட்லி ஊட்டுவது, பள்ளியில் கொண்டுபோய் விடுவது மூன்றையும் அந்த வாரம் அப்பாவிடமே விட்டுவிடுகிறார்கள். ஃபர்ஸ்ட் வாரம் சுலபம். விடியுமுன் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும் என்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்த வீடுகளைத் தாங்கி நிற்பது கடிகாரம் அல்ல, வரிசை. அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளையாட்டு, கைகால் கழுவல், சோறு, கதை, விளக்கணைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவது மாறாவிட்டால், அரை மணி முன்பின் ஆனாலும் குழந்தை கலங்குவதில்லை. அடுத்து என்ன என்று அதற்குத் தெரிந்தால் போதும். எங்கோ ஜெனரல் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எழுதிய கால அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதைவிட, மாதக் காலண்டரில் பென்சிலால் ஷிப்டைக் குறித்து வைப்பதுதான் இங்கே பயன்படுகிறது. தடுப்பூசி எந்த நாள், கேஸ் எப்போது பதிய வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவாகும்.

ஆனால் அந்த வரிசையைக் காப்பாற்றுவது யார்? இந்த டவுன்ஷிப்பைத் திட்டமிட்டவர்கள் அகலமான சாலை போட்டார்கள், பள்ளி, மருத்துவமனை, பஜார் எல்லாம் கட்டினார்கள். சம்பளம் வாங்குகிறவர் ஒருவர், வீட்டில் இருந்து ஷிப்டை ஓட்டுகிறவர் இன்னொருவர் என்ற கணக்கு அதற்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. நெய்வேலி மட்டும் விதிவிலக்கல்ல. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88 நிமிடக்காரர் நைட் முடித்து வந்தவர் என்றால் எத்தனை நிமிடம் தேறும் என்று கேட்பதற்கே சங்கடமாக இருக்கிறது.

அந்தக் கணக்கு இப்போது இன்னும் இறுகுகிறது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணிக்குள் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2019இல் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. திறந்தவெளிச் சுரங்கத்தில், எழுத்துமூலச் சம்மதத்தோடு, குறைந்தது மூன்று பேர் கொண்ட குழுவாகப் பெண்களும் இரவுப் பணி பார்க்கலாம் என்றது. வரவேற்க வேண்டிய மாற்றம். மருத்துவமனை நர்ஸ்கள் எப்போதும் நைட் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தமும் சொன்னது. ஆனால் காப்பகம் என்றதும் எல்லார் மனதிலும் வருவது பகல் நேரம்தான். அப்பா செகண்ட், அம்மா நைட் என்று விழுகிற ஒரு நாளில், ஒருவர் வீடு திரும்புவதற்குள் மற்றவர் கிளம்பியாக வேண்டும். அந்த இடைவெளியில் குழந்தை யார் இடுப்பில்?

குவார்ட்டர்ஸே கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகளில் பக்கத்து வீட்டு மரநிழல்கூட உறுதி இல்லை. மந்தாரக்குப்பத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள் அவர்கள். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தால்தான் அடுப்பு எரியும். அந்த வீடுகளில் விடிகாலை நெருக்கடியை நிஜமாகவே குறைத்தது பள்ளியில் போடுகிற காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த திட்டம். உப்புமாவோ பொங்கலோ, ஒரு வேளைச் சமையல் அம்மாவின் தலையிலிருந்து இறங்கியது. பால்வாடிக்குப் போகும் வயதுப் பிள்ளையின் காலை இன்னும் அவள் தலையில்தான்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் இப்போதைக்குத் தாத்தா பாட்டிதான் காப்பகம். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு வடக்குத்து, இந்திரா நகர் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்கள் நிறைய. பாட்டிக்கு ஷிப்ட் கணக்கு அத்துப்படி. பேரன் எப்போது தூங்க வேண்டும் என்று மருமகளிடம் வாக்குவாதம் செய்கிற அளவுக்கு. தாத்தாவுக்குத்தான் எல்லாம் புதுசு. தன் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது நைட்டும் செகண்டுமாகக் கழித்துவிட்டவர், டிபன் பாக்ஸில் குழம்பு ஒழுகாமல் மூடுவது எப்படி என்று இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.