வீட்டிற்கு ஒரு துளைக்கருவி

மத்திய அரசுப் பணியில் இருப்போரின் வீடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டிலும் அலமாரியும் கழற்றப்படும். புதிய ஊரில் மீண்டும் பூட்டப்படும். கடிகாரம் மாட்டவும் திரைச்சீலைக் கம்பி பொருத்தவும் சுவரில் புதிய துளைகள் வேண்டும். ஒவ்வொரு முறையும் தச்சரைத் தேடி அலைவதைவிட, மின்கலத்தால் இயங்கும் சிறிய டிரில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளப் பலர் விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆயினும் பெட்டியின்மீது அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர், வீட்டுச் சுவரின்முன் திகைத்து நிற்பதும் உண்டு.

துளையிடும் கருவிக்குத் தமிழில் துரப்பணம் என்று பழைய பெயர் ஒன்று உண்டு. தண்டில் கயிற்றைச் சுற்றி, அக்கயிற்றை வில்லால் முன்னும் பின்னும் இழுத்துத் தச்சர்கள் அதனைச் சுழற்றினர். கையில் ஏந்தத்தக்க மின்துளைக்கருவியை 1895இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் உருவாக்கியது. மின்கம்பி வேண்டாத டிரில்லை 1961இல் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் வெளியிட்டது. விண்வெளிப் பயணத்திற்காகவே இக்கருவி கண்டுபிடிக்கப்பட்டது என்று சிலர் கூறுவது பிழை. அந்நிறுவனத்தின் துளைக்கருவியை அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் பயன்படுத்தியது 1971இல்தான்.

இனி, பெட்டியின்மீதுள்ள எண்ணைக் காண்போம். ‘12 வோல்ட்’ எனக் குறித்த மின்கலப் பொதிக்குள் மூன்று லித்தியம் அயனிக் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலத்தின் மின்னழுத்தம் 3.6 வோல்ட். மூன்றும் சேர்ந்தால் 10.8 வோல்ட்தான். முழுமையாக மின்னேற்றம் செய்தவுடன் ஒவ்வொரு கலமும் நான்கு வோல்ட்டைத் தொடுவதால் 12 என்னும் எண் வந்தது. இவ்வாறே 18 வோல்ட் என்றும் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்றும் விற்கப்படும் இரண்டிலும் இருப்பவை அதே ஐந்து கலங்கள். ஆகவே 20ஐ 18ஐவிட மேலானது என்று கருதி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பார்ப்பதே சரியான ஒப்பீடு. 10.8 வோல்ட்டும் 2 ஆம்பியர்-மணியும் உடையது 21.6 வாட்-மணி ஆற்றலைத் தேக்கும். 18 வோல்ட்டும் 2 ஆம்பியர்-மணியும் உடையது 36 வாட்-மணி தேக்கும். ஆற்றல் கூடினால் எடையும் கூடும். ஏணியில் நின்று, தலைக்குமேல் கை உயர்த்தித் துளையிடும்போது அந்த எடை தெரியும்.

ஒரு நிறுவனத்தின் மின்கலம் பெரும்பாலும் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. மாற்று மின்கலம் தனியே கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். கிடைக்காவிடில், மின்கலம் தேய்ந்த அன்றே கருவியும் வீணாகும்.

கடைகளில் எவரும் கேட்காத, ஆனால் வீட்டிற்கு மிகவும் பயன்படும் உறுப்பு ஒன்று உண்டு. அது கருவியின் கழுத்தில் எண்கள் பொறித்த வளையம், கிளச் என்பர். சிறிய எண்ணில் வைத்தால், திருகாணி இறுகியவுடன் கருவி ‘டக் டக்’ என ஒலித்துத் திருகுவதை நிறுத்திவிடும். மரத்தூள் பலகையால் செய்த அலமாரியில் இவ்வளையம் இன்றித் திருகினால், பலகை பிய்ந்து திருகாணி ஆடத் தொடங்கும். இரண்டு வேகங்கள் உள்ள கருவியில் மெதுவான வேகம் திருகாணிக்கும், விரைவான வேகம் துளைக்கும் உரியவை.

மரத்தை எந்தக் கருவியும் துளைக்கும். சுவரோ அப்படியன்று. செங்கற்சுவருக்குச் சுழலும்போதே முன்னும் பின்னும் தட்டும் சுத்தியல் வசதியும், நுனியில் கார்பைடு பதித்த பிட்டும் வேண்டும். அவை இருப்பின் சிறிய டிரில்லும் 6 மில்லிமீட்டர் துளையைச் சற்று மெதுவாக இட்டுவிடும். கான்கிரீட் தூணிலும் உத்திரத்திலும் அது தோற்கும். பிட் சூடேறும், மின்கலம் தீரும், துளை மட்டும் விழாது. பெருநகரங்களில் அண்மையில் எழுந்த அடுக்குமாடிகள் பலவற்றில் சுவர்களே கான்கிரீட்டால் வார்க்கப்பட்டவை. அத்தகைய வீட்டில் குடியிருப்போர் மின்கம்பியுடன் கூடிய ரோட்டரி ஹேமரை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். சிறிய டிரில்லை மரச்சாமான்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுவரின் இயல்பைத் தூள் காட்டிக்கொடுக்கும். பூச்சைக் கடந்ததும் செந்தூள் உதிர்ந்தால் அது செங்கல். தூள் சாம்பல் நிறமாக இருந்தும் பிட் எளிதாக இறங்கினால் எரிசாம்பல் கல்லாகலாம். தூளும் சாம்பல் நிறம், பிட்டும் நகரவில்லை என்றால் கான்கிரீட்.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் மின்கம்பிகள் செல்லக்கூடும். குழாய்க்கு நேர் மேலும் கீழும் நீர்க்குழாய் மறைந்திருக்கும். அவ்விடங்களில் துளையிடலாகாது. துளையிடுபவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தளர்ந்த ஆடையையும் நீண்ட கூந்தலையும் கட்டிக்கொள்ள வேண்டும். பிட்டை மாற்றும் முன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். சிறுவர்கள் பெரியவர்களின் உடனிருப்பில் மட்டுமே இக்கருவியைக் கையாளலாம்.